பானட் திறக்காத பதிவேட்டுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
ஒன்றிய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: பழைய காரில் இருப்பது பதிவேட்டில் எழுதியுள்ள இன்ஜின்தானா என்பதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என ஒரு சொல் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவுகள் 44, 50, 52.

மதிப்புக்குரிய அமைச்சகம் அவர்களுக்கு,

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வணக்கமுங்க. எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்க ஆட்டோ கன்சல்டிங்குக்குப் போகிறவர் என்னென்ன பார்ப்பார் என்பது தில்லிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதலில் நம்பர் பிளேட்டின் கூட்டுத்தொகை. எட்டு வந்துவிட்டால் வண்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முகம் சுண்டிவிடும். பிறகு எத்தனையாவது ஓனர், டயர் எத்தனை சதவீதம், கதவோரம் டிங்கரிங் தடம் இருக்கிறதா, ஏசி குளிர்கிறதா. கடைசியில் ஆர்.சி. புக்கை வாங்கி ஃபைனான்ஸ் பாக்கி உண்டா என்று புரட்டிவிட்டு, நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பார். வண்டி நேரே பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலுக்குப் போகும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். அந்த புக்கில் அச்சாகியிருக்கும் இன்ஜின் எண்ணைப் பானட்டுக்குள் இருக்கும் இன்ஜினோடு இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். அதற்காக எங்கள் ஊர்க்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாட்டின் வாகனப் பதிவேட்டையே கையில் வைத்திருக்கும் தாங்கள் பார்க்காத ஒன்றை, கையில் ரொக்கம் மட்டும் வைத்திருக்கும் அவர் எதற்காகப் பார்க்க வேண்டும்?

பக்கத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் குதிரையும் மாடும் விற்கிற சந்தை கூடும். தங்கள் அதிகாரிகள் ஒருமுறை வந்து பார்க்கலாம். வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல், சுழி பார்க்காமல், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்காமல் எந்த விவசாயியும் துண்டுக்குள் விரலை நீட்டி விலை பேச மாட்டார். மாட்டுக்கு ஆர்.சி. புக் கிடையாது, அதனால்தான் இத்தனை ஆராய்ச்சி. காருக்கு புக் இருக்கிறது, அரசாங்க முத்திரை இருக்கிறது, ஆகவே வாயைத் திறந்து பார்க்கும் அவசியம் இல்லாமல் போய்விட்டது. புக் என்ற ஒன்றைக் கொடுத்து மக்களின் சந்தேக புத்தியையே போக்கிய பெருமை தங்களைச் சேரும்.

சட்டம் இன்ஜினை அலட்சியம் செய்தது என்று யாரும் தங்கள்மேல் பழி போட முடியாது. ஒவ்வொரு வண்டியிலும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122ஆம் விதி சொல்கிறது. இன்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டத்தின் 52ஆம் பிரிவு. வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் போக்குவரத்துக்காரருக்கு மட்டும், மாநில அரசு அறிவிக்கை போட்டால், அதே கம்பெனியின் அதே ரக இன்ஜினை முன் அனுமதி கேட்காமலே மாற்றிக்கொள்ளும் சலுகை உண்டு. பத்து லாரி வைத்திருப்பவர் பொய் சொல்ல மாட்டார் என்ற தங்கள் நம்பிக்கையை நாமக்கல்லும் சங்ககிரியும் நன்றியோடு நினைவில் வைத்திருக்கும். ஆனாலும் லாரிக்காரர் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வந்தே ஆக வேண்டும்: எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடாவருடம். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க விரும்பினால் பார்க்கச் சந்தர்ப்பமாவது இருக்கிறது.

சொந்தக் காருக்கு அந்தச் சந்தர்ப்பமும் இல்லை. 44ஆம் பிரிவின் 2019 திருத்தப்படி, அங்கீகாரம் பெற்ற டீலர் விற்ற புது வண்டியை முதல் பதிவுக்கு அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டத் தேவையில்லை. கம்பெனியிலிருந்து நேராக வந்த வண்டி, எண்ணை யார் மாற்றியிருக்கப் போகிறார்கள், அது சரிதான். பிறகு அந்தக் கார் கைமாறுகிறது. கைமாற்றத்துக்கான 50ஆம் பிரிவைத் தலைகீழாகப் படித்தாலும், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், எந்தப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்றுதான் வருகிறதே தவிர, வண்டியைக் காட்டு என்று ஒரு வரி வரவில்லை. படிவம் 29, படிவம் 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கையெழுத்து. சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். கணக்குப் போட்டால், 2024இல் ஷோரூமிலிருந்து இறங்கிய கார் இதே மாநிலத்துக்குள் மூன்று கைகள் மாறினாலும், அதன் இன்ஜின் எண்ணை அரசாங்கத்தின் கண் கட்டாயமாகச் சந்திக்கும் முதல் நாள் 2039இல் வருகிறது, பதிவைப் புதுப்பிக்கும்போது. அதற்கும் 5,000 ரூபாய் கட்டணம். பதினைந்து வருடம் பார்க்காமல் இருந்துவிட்டுப் பதினைந்தாவது வருடம் பார்ப்பதற்கு அது நியாயமான கூலி என்றே சொல்ல வேண்டும்.

அந்த எண் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவேட்டில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது தட்டச்சு செய்த சுத்தமான வரியாகத்தான் நினைவிருக்கும். பெரும்பாலான கார்களில், சிலிண்டர் பிளாக் கியர்பாக்ஸோடு சேரும் விளிம்புக்குப் பக்கத்தில், கடைசல் பிடித்து மட்டமாக்கிய ஒரு சிறு தளம் இருக்கும். எண் அதில்தான் குத்தியிருக்கும். மேலே ஏர் ஃபில்டர் குழாய், பக்கத்தில் சூடான மானிஃபோல்டு, குறுக்கே வயர்க்கட்டு. வருடக்கணக்கில் கசிந்த ஆயிலும் ஊர்த் தூசியும் சேர்ந்து அந்த இடத்தில் கறுப்புப் பூச்சாகப் படிந்திருக்கும். டீசல் நனைத்த துணியால் துடைத்து, கை போகாத சந்தில் செல்போனை நுழைத்து, டார்ச் போட்டுப் படம் பிடித்தால்தான் எழுத்து தெரியும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. நாளைக்கு எண்ணை அழித்தவர் என்ற பெயர் தேய்த்தவருக்கு வந்துசேரும். எண் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை. எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் சீராக இருக்கின்றனவா, அல்லது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? சுற்றிலும் உலோகம் மங்கிக் கிடக்க, அந்த ஒரு தளம் மட்டும் ஏன் பளபளக்கிறது? கிரைண்டர் ஓடிய கோடு உண்டா, வெல்டிங் வைத்து நிரவிய திட்டு உண்டா, நேற்று அடித்த பெயின்ட் வாசம் வருகிறதா? சில இன்ஜின்களில் வார்ப்போடு வந்த தேதிக் குறி பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்துக்குப் பிந்தைய தேதியில் வார்த்த பிளாக் அந்தக் காரோடு பிறந்ததாக இருக்க வழியே இல்லை. மேல்மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. மூடி நாலு போல்ட்டில் கழன்று இன்னொரு இன்ஜினில் ஏறிக்கொள்ளும்.

சேசிஸ் எண் சரியாக இருக்கிறதே, போதாதா என்று கேட்பீர்கள். போதாதுங்க. 17 இலக்கச் சேசிஸ் எண்ணைப் படைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். எம்.ஏ.3 என்று தொடங்கினால் மாருதி, எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளை அறவே விலக்கிவைத்தார்கள். இவ்வளவு யோசித்தவர்களும் வண்டிக்குள் ஏறிய இன்ஜினின் தனி எண்ணை அதில் சேர்க்கவில்லை. கூட்டுக்கு ஓர் எண், இன்ஜினுக்கு வேறோர் எண். தயாரித்த கம்பெனியை விட்டால், இந்த இரண்டும் அதிகாரபூர்வமாக ஜோடி சேர்ந்திருக்கும் இடம் தங்கள் பதிவேடுதான்.

ஜோடி பிரிந்தால் கண்ணுக்குத் தெரியுமா என்றால், ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜினை நினைத்துப் பார்க்க வேண்டும். மாருதியின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடாவின் இண்டிகா விஸ்டா, ஃபியட்டின் புன்டோ, லீனியா, செவர்லேயின் செயில் என்று கம்பெனி பேதம் இல்லாமல் ஓடிய இன்ஜின் அது. 'தேசிய டீசல் இன்ஜின்' என்றே கார்ப் பத்திரிகைகள் அதற்குப் பட்டம் கட்டின. ஒரு ஸ்விஃப்டின் இன்ஜின் இன்னொரு ஸ்விஃப்டில் ஏறினால் கைதேர்ந்த மெக்கானிக்கும் சத்தத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. இன்ஜின் எண்ணின் முன்பகுதி ரகத்தைக் காட்டும், அதுவும் மாறாது. கடைசியில் வரும் சில இலக்கங்கள்தான் சாட்சி. அந்தச் சாட்சியைத் தாங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இன்ஜின் மாறியிருந்தால் என்ன குடிமுழுகிப்போகிறது? வண்டி ஓடும், ஒருவேளை முன்னைவிட நன்றாகவே ஓடும். குடி முழுகுவது விபத்து நடந்த மறுநாள். இன்சூரன்ஸ் சர்வேயர் இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பாலிசியோடு சரிபார்ப்பார். பொருந்தாத வண்டிக்குப் பணம் வருவதற்குள் ஓர் ஆயுள் கழியும். திருட்டு வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜின் என்றால் போலீஸ் வேறு கேள்வி கேட்கும். மீரட்டின் சோத்திகஞ்ச் திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதற்கே பேர்போன சந்தையாக இருந்தது. 2021 டிசம்பரில்தான் அதன் கடைகளைப் போலீஸ் மூடவைத்தது. அங்கே பிரிந்த இன்ஜின்கள் மண்ணுக்குள் போயிருக்காது, ஏதோ ஒரு பானட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இதனால் பழைய பாகம் விற்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகள் இல்லாவிட்டால் தமிழ்நாட்டின் பழைய வண்டிகளில் பல நடுரோட்டில் நின்றுபோயிருக்கும்.

இனி தங்கள் தரப்பு. வாங்குகிறவர்தானே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஆர்.சி. புக்கை வைத்துக்கொண்டு அவரே ஒப்பிட்டுக்கொள்ளட்டுமே என்பது முதல் பதில். எந்தப் புக்கை வைத்து? விற்கிறவர் காட்டும் புக்கை. இன்ஜினை மாற்றும் துணிச்சல் உள்ளவருக்கு ஓர் அட்டையை அச்சடிக்கும் துணிச்சல் வராது என்று நம்புவதற்குத் தங்களைப் போன்ற வெள்ளை மனம் வேண்டும். சரி, தங்கள் செயலியிலேயே வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், வெளியாருக்கு இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் முழுசாகக் காட்டுவதில்லை. கடைசி இலக்கங்களைப் பெருக்கல் குறி போட்டு மறைத்துவிடுகிறீர்கள். ஒரு ஸ்விஃப்டை இன்னொரு ஸ்விஃப்டிலிருந்து பிரித்துக் காட்டக்கூடிய அதே இலக்கங்களை. ரகம் தெரியும், ஆள் தெரியாது.

மறைப்பதற்குக் காரணம் உண்டு, அதையும் மறுக்கவில்லை. எண் முழுசாக ஊருக்குத் தெரிந்தால், திருட்டு இன்ஜினில் அதே எண்ணைக் குத்தி நல்ல வண்டியின் வேஷம் போட்டுவிடுவார்கள். நியாயமான பயம். ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் வரும் புது வண்டிகளுக்குத் தாங்களே கட்டாயமாக்கிய உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் விதியைத் தாங்களே ஒருமுறை படிக்க வேண்டும். அந்தப் பிளேட்டுக்கு அசோகச் சக்கர ஹோலோகிராம், லேசர் எண், ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடியும் என்ற பூட்டு. அதோடு முன் கண்ணாடியின் இடது மேல் மூலையில் மூன்றாவது பதிவு அடையாளமாக ஒரு ஸ்டிக்கர். அதில் பதிவு எண்ணோடு இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்க வேண்டும். ஆக, அறைக்குள் உட்கார்ந்து செயலியில் கேட்கும் குடிமகனுக்கு ரகசியம். கோபி பஸ் ஸ்டாண்டு முன்னால் நிறுத்திய காரின் கண்ணாடியை எட்டிப் பார்ப்பவருக்குப் பகிரங்கம். காசு கொடுத்து வாங்க வருகிறவரிடம் மட்டும் பாதுகாக்கப்படும் இப்படி ஒரு ரகசியத்தை உலகில் வேறு எந்தப் பதிவேடும் காத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது பதில் கொஞ்சம் படித்தவர்களுடையது. இன்ஜின் வெறும் பாகம்தான், டயரைப்போல பேட்டரியைப்போல மாறக்கூடியது, அதற்கு எதற்கு இத்தனை மரியாதை? இதற்கு ஜப்பானைச் சாட்சிக்கு அழைக்கலாம். அங்கே வாகனச் சான்றிதழில் இன்ஜினின் ரகம் மட்டும்தான் பதிவாகும், தனி எண் பதிவாவதில்லை. தாராளமாக அப்படிச் செய்யுங்கள். இன்ஜின் எண்ணை ஆர்.சி.யிலிருந்து எடுத்துவிடுங்கள், 52ஆம் பிரிவிலும் அதற்கேற்பக் கத்தரி போடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அதைக் கேட்காமல் விடட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இல்லை, பிரிட்டனைப்போல எண் பதிவேட்டில் இருக்கத்தான் வேண்டும், மாற்றினால் அத்தாட்சியோடு சொல்லத்தான் வேண்டும் என்றால் அதுவும் ஒரு முறை. எண்ணை எழுதிவைத்துக்கொள்வது, பொருந்தாவிட்டால் சிறை என்று சொல்வது, பொருந்துகிறதா என்று கைமாறும் நாளில் தானும் பார்க்காமல் மற்றவரையும் பார்க்கவிடாமல் இருப்பது – இது ஜப்பானிலும் இல்லை, பிரிட்டனிலும் இல்லை. நம் சொந்தத் தயாரிப்பு.

இப்போது உள்ள ஏற்பாடு யாரைத் தண்டிக்கிறது என்று பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கே உடையும். அந்த இடத்தில் புது பிளாக் போடுவது தவறே இல்லை. ஒழுங்கான மனிதர் பில்லோடு பதிவு அலுவலகம் போய், வரிசையில் நின்று, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்கிறார். நாலு வருடம் கழித்து அதை விற்கப் போனால், 'இன்ஜின் மாத்துன வண்டிங்களா?' என்று கேட்டு விலையை அடிக்கிறார்கள். பக்கத்திலேயே, எங்கிருந்தோ இறக்கிய இன்ஜினைப் பூட்டி வாயைத் திறக்காமல் இருந்தவரின் வண்டி 'ஒரிஜினல் இன்ஜின், ஷோரூம் சர்வீஸ்' என்று முழு விலைக்குப் போகிறது. சொன்னவருக்கு நஷ்டம், மறைத்தவருக்கு லாபம். நாற்பது வருடங்களுக்கு முன்பு பெட்ரோல் அம்பாசிடரிலும் ஜீப்பிலும் டீசல் இன்ஜின் மாட்டி ஓட்டிய காலத்தில், மாற்றியதை மறைக்கவே முடியாது. தெருமுனையில் வரும்போதே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கு ஒரே ரகம் ஒரே ரகத்துக்குள் மாறுவதால், சத்தத்துக்குப் பதில் தாங்கள்தான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது பதில்தான் பலமானது. கைமாறும் ஒவ்வொரு காரையும் கொண்டுவந்து நிறுத்தி ஆய்வு செய் என்றால் அலுவலகங்கள் தாங்காது; வரிசை நீளும், வரிசை நீண்டால் வரிசையைக் குறுக்கிக் கொடுக்கிறவர்கள் முளைப்பார்கள், அதற்கும் ஒரு ரேட் வரும். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கொங்கு நாட்டில் வரிசையைக் கண்டு பயப்படாத ஆள் யாரும் இல்லை. ஆகவே பிரேக் இன்ஸ்பெக்டரை வெயிலில் நிறுத்தி எங்கள் பானட்டுக்குள் குனியச் சொல்லவில்லை. குனிகிற வேலையை வாங்குகிறவரே பார்த்துக்கொள்வார். துடைத்து, படம் பிடித்து, அவர் கண்ணால் படித்த எண்ணை வண்டி எண்ணோடு தங்கள் தளத்தில் போடுவார். தாங்கள் 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை' என்று சொன்னால் போதும். எண்ணைக் காட்டத் தேவையில்லை, உரிமையாளர் பெயர் தேவையில்லை, ரகசியத்தில் ஓர் இலக்கமும் கசியாது. ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்ப்பவரைத் தடுக்க, ஒரு செல்போனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

இதற்குத் தொழில்நுட்பம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தங்களுக்குப் பக்கத்து அமைச்சகமான உள்துறையின் கீழ் இருக்கும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம், வண்டி எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் மூன்றையும் வாங்கிக்கொண்டு, அது திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று பதில் சொல்லும் வசதியைப் பொதுமக்களுக்கே திறந்துவைத்திருக்கிறது. போலீஸ்காரர்கள் சொல்லும் பதில், 'இது திருடு போனதாகப் புகார் வந்ததா' என்பதற்கு. 'இது இந்தக் காருடையதா' என்பதற்குப் பதில் தெரிந்தவர் தாங்கள் ஒருவர்தான்.

விற்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 2022 டிசம்பர் 22 அன்று வெளியிட்டு 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த விதிகளில், பதிவான வண்டிகளை விற்கும் டீலர்கள் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி அவர்கள் கையில் இருக்கும் வரை அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள் என்று வைத்திருக்கிறீர்கள். நல்ல விதி. அதோடு மின்னணுப் பயணப் பதிவேடு ஒன்றும் வைக்கச் சொன்னீர்கள்: எந்த நோக்கத்துக்காக வண்டி வெளியே போனது, யார் ஓட்டினார், எந்த நேரம், எவ்வளவு மைலேஜ். கன்சல்டிங்காரர் பெட்ரோல் பங்க் வரை போய்வந்தது தில்லிக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள், அதே பதிவேட்டில் 'வண்டியை வாங்கிய அன்று பானட்டுக்குள் கண்ட இன்ஜின் எண்' என்று ஒரு கட்டத்தையும் சேர்த்தால் தாள் செலவுகூட ஆகாது.

ஏழு எழுத்துகளுக்கு மேல் போகாத ஒரு பதிலுக்காக இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்ததற்குப் பொறுத்தருள வேண்டும். இதைத் தக்க நடவடிக்கைக்காகத் தாங்கள் மாநிலத்துக்கு அனுப்புவீர்கள், மாநிலம் வட்டார அலுவலகத்துக்கு அனுப்பும், வட்டார அலுவலகம் 'இது ஒன்றிய அரசின் மென்பொருள் தொடர்பானது' என்று தங்களுக்கே திருப்பி அனுப்பும் என்பது தெரிந்ததே. அந்தச் சுற்று முடிவதற்குள் 2039 வந்துவிட்டால், ஆய்வின்போது கண்டுபிடித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டி.என். 36 எல்லைக்குள் பழைய கார் தேடும் ஒரு குடிமகன்.

இணைப்பு: டீசல் நனைத்த துணி ஒன்று.

நகல்:
1. போக்குவரத்து ஆணையர், சென்னை – தகவலுக்காக.
2. ஆட்டோ கன்சல்டிங் உரிமையாளர்கள் – தகவல் அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதால், பார்வைக்காக மட்டும்.